கிடங்கு வளைவில் ஒரு பல்பு

மெல்பர்ரி நகராட்சியில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பதினேழு வருடமாக எழுதுகிறேன். யார் எதைச் சொன்னாலும் அது யாருக்கும் உறைக்காதபடி எழுதி வைப்பதுதான் இதிலுள்ள சாமர்த்தியம். ஒருவர் மேசையைத் தட்டிக் கத்தினால் ‘தம் கருத்தை ஆர்வத்துடன் முன்வைத்தார்’ என்று எழுதுவேன். அழுதால் ‘உணர்வுபூர்வமாக’ என்று சேர்த்துக்கொள்வேன். எதுவும் நடக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட விஷயத்துக்கு ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று எழுதினால் போதும். வெர்னா ஸ்டபிள்ஃபீல்ட் கேட்ட ஒற்றை பல்பை நான் ஒன்பது கூட்டங்களில் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்னா எங்கள் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை தாண்டிக் கொண்டுபோய் விடுகிறவர். காலையில் முக்கால் மணி நேரம், பிற்பகலில் முக்கால் மணி நேரம். வயது ஐம்பத்து நான்கு. முட்டை அடுக்கும் ஆலையில் இருபது வருடம் நின்றதில் வந்த முட்டி வலி உண்டு. கையில் ‘நில்’ என்று எழுதிய சிவப்புப் பலகை. அவர் அதைத் தூக்கினால் பால் லாரியும் நிற்கும், ஷெரீஃபின் காரும் நிற்கும். நிற்காதவர்களின் வண்டி எண் அவருக்கு மனப்பாடம். அவர்களைப் பெற்ற தாய்மாரின் தொலைபேசி எண்ணும்.

போன வருடம் ஹாலோவீன் அன்று, பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிற அந்த மாலையில், ஐவி லிண்ட்குவிஸ்ட் என்ற ஆறு வயதுச் சிறுமியைத் தானியக் கிடங்கு வளைவில் ஒரு கார் இடித்துவிட்டது. அவளுக்குப் பூசணிக்காய் வேஷம். அவள் அம்மா மார்னி இரண்டு பழைய தலையணைகளின் பஞ்சை உள்ளே திணித்து அனுப்பியிருந்தார். அதனால் அவள் உருண்டுபோய்ப் பள்ளத்தில் விழுந்தாள். கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. காரை ஓட்டி வந்தவர் குடிக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. ‘தெரியலையே, தெரியலையே’ என்று சாலையோரம் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். தெரிந்திருக்காதுதான். அந்த வளைவில் இருக்கும் ஒரே விளக்குக் கம்பத்தில் பல்பு ஃபியூஸ் போய் அப்போதே நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஊர் கொதித்தது. ஊர் கொதித்தால் நகராட்சி குழு போடும். ஜனவரியில் ‘ஹாலோவீன் சிறார் பாதுகாப்பு மற்றும் ஆரோக்கியக் குழு’ பிறந்தது. தலைவர் ஹார்லன் விட்கோம். இன்சூரன்ஸ் விற்கிறவர், நகராட்சி உறுப்பினர், சிரித்தால் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். துணைத் தலைவர் டாக்டர் ப்ரூடென்ஸ் எக்கிள்ஸ், பல் மருத்துவர். அந்த முப்பத்திரண்டையும் பராமரிப்பவர் அவர்தான்.

முதல் கூட்டத்தில் விட்கோம் எழுந்து நின்று பேசினார்.

“இந்த ஊர்ல ஒரு குழந்தைக்குக் கீறல் விழுந்தா அது என் நெஞ்சுல விழுந்த மாதிரி. குழந்தைங்க விஷயத்துல இனி ஒரு நிமிஷம்கூட வீணாக்க மாட்டோம். அதனால முதல் வேலையா நம்ம குழுவுக்கு ஒரு சின்னம் வேணும்.”

சின்னம் இரண்டு கூட்டங்களை எடுத்துக்கொண்டது. ஹெல்மெட் போட்ட பூசணிக்காய் என்று முடிவாயிற்று. ஹெல்மெட்டின் வார் பூட்டியிருக்க வேண்டுமா என்பதில் மட்டும் ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது.

மூன்றாவது கூட்டத்தில்தான் வெர்னாவுக்குப் பேச இடம் கிடைத்தது. வேலைக்குப் போடும் மினுங்கும் மேல்சட்டையோடேயே வந்திருந்தார்.

“சார், கிடங்கு வளைவுல பல்பு போயிருக்கு. அத மாத்திட்டாப் போதும். அங்கதான் புள்ளைங்க ரோட்டத் தாண்டுது. வேற வழி கெடையாது.”

“ரொம்ப அருமையான கருத்து, மேடம்,” என்றார் விட்கோம். “ஆனா பல்புங்கிறது ஒரு பொருள். நாம இங்க பேசிட்டிருக்கறது பாதுகாப்பு.”

“வெளிச்சம் இருந்தா வண்டிக்காரனுக்குப் புள்ள தெரியும் சார். அதத்தான் நானும் பாதுகாப்புன்னு சொல்றேன்.”

விட்கோம் என் பக்கம் திரும்பினார். “ஆர்லோ, அந்தக் கம்பம் யாரோடது?”

கோப்பைப் புரட்டினேன். “கம்பம் மின்சாரக் கம்பெனியோடது சார். ரோடு மாவட்டத்தோடது. பக்கத்துல இருக்கற பள்ளம் வடிகால் வாரியத்தோடது.”

“அப்ப இருட்டு மட்டும்தான் நம்மளுதா?” என்றார் வெர்னா.

விட்கோம் முகம் மாறியது. “இருட்டுக்கு நாம உரிமை கொண்டாடவே கூடாது மேடம். தொழில்ல இருக்கறவன் சொல்றேன், கேட்டுக்குங்க. நம்மளுதுன்னு ஒத்துக்கிட்டா அதுல நடக்கறதுக்கெல்லாம் நாமதான் பதில் சொல்லணும்.”

வெர்னா விடவில்லை. மின்சாரக் கம்பெனிக்குத் தானே பேசியிருந்தார். பல்பு போட அவர்கள் தயார். நகராட்சியின் படிவம் மட்டும் வேண்டும். அதில் ‘எந்தக் காரணத்துக்காக’ என்று ஒரு கட்டம். கீழே தலைவரின் கையெழுத்து. அவ்வளவுதான். படிவத்தை அவரே வாங்கிப் பூர்த்தி செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தார். கட்டத்துக்குள் ‘ரோடு இருட்டா இருக்கு’ என்று எழுதியிருந்தார்.

விட்கோம் பேனாவை எடுத்து, படித்து, பேனாவை மூடினார்.

“இதுல நான் கையெழுத்துப் போட்டா, இத்தன நாள் ரோடு இருட்டாத்தான் இருந்துச்சுன்னு நகராட்சியே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். போன வருஷ விஷயம் இன்னும் முடியல. புரியுதுங்களா?”

“அப்ப இருட்டா இல்லன்னு சொல்றீங்களா?”

“நான் எதையுமே சொல்லல. அதான் பொறுப்பா நடந்துக்கறதுங்கறது.”

படிவம் என் கோப்புக்கு வந்தது. குறித்துக்கொள்ளப்பட்டது.

அன்று வெளியே வந்தபோது வெர்னா நகராட்சிப் படியில் எனக்காகக் காத்திருந்தார்.

“ஏம்ப்பா ஆர்லோ, உள்ள குனிஞ்சு குனிஞ்சு எழுதறியே, நான் சொன்னத என்னான்னு எழுதியிருக்க? காட்டு.”

காட்டினேன். உதடு அசையப் படித்தார்.

“குறித்துக்கொள்ளப்பட்டது. சரி. குறிச்சது எங்க போகும்?”

“அடுத்த கூட்டத்துல வாசிப்போம்.”

“வாசிச்சுட்டு?”

“வாசிச்சதா குறிச்சுக்குவோம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வசந்த காலத்தில் டாக்டர் எக்கிள்ஸின் ஆரோக்கியத் துணைக்குழு மிட்டாய்களை ஆராய்ந்தது. சாக்லேட்டில் வேர்க்கடலை இருக்கலாம், நீக்கம். கெட்டி மிட்டாய் தொண்டையில் சிக்கும், நீக்கம். ஆப்பிளுக்குள் யாராவது பிளேடு வைத்துவிட்டால்? எங்கள் ஊரில் அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா என்று வெர்னா கேட்டார்.

“நடக்கல,” என்றார் டாக்டர். “அதுதான் பயமா இருக்கு. இத்தன வருஷமா நடக்காத ஒண்ணு எப்ப வேணா நடக்கலாம்.”

“டாக்டர், நடந்த ஒண்ணு இருக்கே. அத முதல்ல பாக்கலாமா?”

“நடந்தது நடந்துபோச்சு மேடம். நாம எதிர்காலத்தப் பாக்கணும்.”

உலர்ந்த திராட்சை பல்லில் ஒட்டும். பிஸ்கட்டில் கோதுமை. பல் துலக்கும் பிரஷ் கொடுக்கலாம் என்று டாக்டரே சொன்னார். ஓடும்போது கண்ணில் குத்திவிடும் என்று அவரே அதை விலக்கிக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. நன்றாக ஒட்டிய வெறும் மிட்டாய்த் தாள். உள்ளே எதுவும் இருக்காது. எதுவும் இல்லாததால் எந்தத் தீங்கும் இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சான்றிதழும் வாங்கினார்கள். ‘அபாயகரமான பொருள் எதுவும் காணப்படவில்லை’ என்று அதில் இருந்தது. டாக்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

இதற்குள் ஐவியின் கை கூடிவிட்டிருந்தது. ஆனால் அவள் வளைவைத் தனியாகத் தாண்டமாட்டாள். மற்றப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். இவள் நின்று வெர்னாவின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டுதான் காலெடுத்து வைப்பாள். நடுச்சாலையில் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பக்கம் போனதும் “வந்துட்டமா மிஸ்?” என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள்.

அந்த வருடம் அவள் நரி வேஷம் போடுவதாக இருந்தாள். ஜூலையிலேயே மார்னி நல்ல ஆரஞ்சு நிறக் கம்பளித் துணியில் தைத்துவிட்டார். முன்கூட்டியே தைத்ததுதான் தப்பு. ஆகஸ்டில் வேஷப் பரிசோதனை வந்தது. நகராட்சி மண்டபத்தில் அம்மாக்களும் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். விட்கோமே அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தார்.

“வால் எத்தன நீளம்? கால்ல மாட்டும். வெட்டிடுங்க.”

மார்னி வெட்டினார்.

“முகமூடி கூடாது. பார்வைய மறைக்கும். காது கம்பி வெச்சதா? கழட்டிடுங்க. நகம்?”

“அது துணி நகம் சார்,” என்றாள் ஐவி. “குத்தாது. பாருங்க.” அவர் கையில் வைத்துக் காட்டினாள்.

“குத்தாது கண்ணு. ஆனா குத்துமோன்னு அடுத்தவங்க பயந்துக்கலாம் இல்ல?”

கடைசியில் ஆரஞ்சு நிறச் சட்டையும் கால்சட்டையும் மிஞ்சின. அதற்கு மேல் குழு கொடுத்த மினுங்கும் மேல்சட்டையைப் போட வேண்டும். அது முழங்கால் வரை தொங்கியது. கழுத்தில் அட்டை. அட்டையில் ‘நரி’ என்று எழுதியிருந்தது.

ஐவி கண்ணாடியில் பார்த்தாள். “அம்மா, நான் ரோடு போடற ஆளு மாதிரி இருக்கேன்.”

வரிசையில் இருந்த நாற்பது பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தார்கள். கழுத்தில் டிராகன், தேவதை, கடற்கொள்ளைக்காரன் என்று அட்டைகள்.

வெர்னா அன்று அங்கே வந்திருந்தார். விட்கோமின் மேசை முன்னால் போய் நின்றார். “சார், இந்தச் சட்டை மினுங்கணும்னா அது மேல எதாச்சும் வெளிச்சம் விழணும். வளைவுல கார் திரும்பறப்ப முன் விளக்கு பள்ளத்து மேலதான் அடிக்கும். ரோட்டு மேல அடிக்காது. நான் அங்க தினம் நிக்கிறவ, எனக்குத் தெரியும்.”

“இதுக்குத்தான் உங்கள ஒரு துணைக்குழுவுக்குத் தலைவராப் போடலாம்னு இருக்கேன்,” என்றார் விட்கோம் பெருந்தன்மையாக. “வெளிச்சம் பற்றிய உணர்வுநிலைத் துணைக்குழு. நீங்க ஒருத்தர்தான் உறுப்பினர். அறிக்கைய மார்ச்சுக்குள்ள குடுத்தாப் போதும்.”

“மார்ச்சா? ஹாலோவீன் அக்டோபர்ல வருது சார்.”

“அவசரப்பட்டா அறிக்கை நல்லா வராது மேடம்.”

செப்டம்பரில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஒத்திகை. பலகையில் பன்னிரண்டு கதவுகள் செய்து நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு கதவாகத் தட்டி “மிட்டாயா, சேட்டையா!” என்று மிதமான குரலில் கேட்க வேண்டும். ஐவி தட்டினாள். யாரும் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

“உள்ள யாரும் இல்லயே,” என்றாள்.

“ஆள் இருந்தா அது அந்நியர் இல்லயா பாப்பா?” என்றார் டாக்டர் எக்கிள்ஸ்.

ஒத்திகையில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் அது மாபெரும் வெற்றி என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் பேனர்கள் வந்தன. பன்னிரண்டு. நல்ல வழவழப்பான துணி. ‘கண்ணில் படு, காயம் படாதே!’ என்று பெரிய எழுத்து. மூலையில் ஹெல்மெட் பூசணிக்காய். மிச்ச இடமெல்லாம் விட்கோமின் முகம். பதினொன்றை ஊருக்குள் கட்டினார்கள். பன்னிரண்டாவதைக் கிடங்கு வளைவில், சாலைக்குக் குறுக்கே, விளக்குக் கம்பத்துக்கும் எதிர்ப்புற வேலிக் கம்பத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டினார்கள். பிள்ளைகள் தாண்டுகிற வெள்ளைக் கோடுகளுக்குச் சரியாக முன்னால்.

மறுநாள் மாலை வெர்னா நகராட்சி அலுவலகத்துக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் தயாராக எடுத்துக்கொண்டேன். ஆனால் அவர் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லாத மாதிரி இனிமையாக வைத்துக்கொண்டு நேரே விட்கோமிடம் போனார்.

“சார், பேனர் ரொம்ப அழகா வந்திருக்கு.”

“அப்படியா?” பல் தெரிந்தது.

“ஆனா எனக்கு ஒரு மனவருத்தம். பன்னெண்டுல பெரிசு எங்க வளைவுல கட்டினதுதான். ஏழு மணிக்கு மேல போனா உங்க முகமே தெரிய மாட்டேங்குது. யாரோ கறுப்புத் துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. நெடுஞ்சாலையில இருந்து வர்றவங்க முதல்ல பாக்கறது உங்களத்தானே?”

விட்கோம் நாற்காலியில் நிமிர்ந்தார். “ஆர்லோ! இத ஏன் எனக்கு யாரும் சொல்லல?”

ஒன்பது கூட்டக் குறிப்புகள் என் மேசை அறையில் இருந்தன. நான் படிவத்தை எடுத்தேன். ‘எந்தக் காரணத்துக்காக’ என்ற கட்டத்தில் விட்கோம் சொல்லச் சொல்ல எழுதினேன்: குழுத் தலைவரின் திருவுருவம் தெளிவாகத் தெரியும்பொருட்டு. அவர் கையெழுத்துப் போட ஐந்து விநாடி ஆயிற்று. இருட்டு என்ற சொல் எங்கும் வரவில்லை.

நான் படியிறங்கும்போது வெர்னா சுவரில் சாய்ந்து நின்றார். ஜெயித்த முகமாக இல்லை. “ஒரு புள்ள கை ஒடிஞ்சதுக்கு வராத பல்பு, அந்தாளு பல்லுக்கு வருது பாரு,” என்றார்.

இரண்டே நாளில் கம்பெனி ஆள் வந்தார். நானும் போயிருந்தேன். ஏறினார், பல்பு போட்டார், பிறகு விளக்குத் தலையைத் தளர்த்தி மெதுவாகத் திருப்பி பேனருக்கு நேராக வைத்தார். விட்கோமின் முகம் பளீரென்று எழுந்தது. பேனரின் நிழல் அதன் பின்னால் இருந்த வெள்ளைக் கோடுகள் முழுக்கப் படிந்தது. முன்பு இருந்தது சாதாரண இருட்டு. இப்போது பக்கத்தில் வெளிச்சம் கண்ணைக் கூச, அது இரண்டு மடங்கு இருட்டாக இருந்தது.

“தம்பி, தம்பி! ரோட்டப் பாத்துத் திருப்புப்பா!” வெர்னா கீழேயிருந்து கத்தினார்.

“முடியாதுங்க மேடம்.” அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். “திருவுருவம் தெளிவாகத் தெரியும்பொருட்டு. ரோட்டப் பத்தி இதுல ஒண்ணும் இல்லயே. நானாத் திருப்பினா என் வேலை போயிடும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

“எனக்கு நாப்பது இருக்கு.”

அவர் இறங்கி, வெர்னாவின் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த வரியை எழுதிய கை என்னுடையது.

ஹாலோவீன் வந்தது. மாலை ஆறிலிருந்து எட்டு வரை பிள்ளைகள் வெளியே வரலாம் என்று ஆணை. நகராட்சி மைதானத்தில் தொடக்க விழா. வாடகைக்கு எடுத்த நான்கு ராட்சத விளக்குக் கோபுரங்கள் மேடையைப் பகலாக்கின. வளைவில் துண்டுப் பிரசுரம் கொடுக்கும் பணி எனக்கு. பிரசுரத்தில் முதல் அறிவுரை: ‘வெளிச்சமான இடங்களில் மட்டும் சாலையைக் கடக்கவும்.’

நான் போனபோது வெர்னா ஏற்கெனவே அங்கே நின்றார். மேல்சட்டை, பலகை, கையில் டார்ச்.

“வெர்னா, மூணே முக்காலுக்கு மேல நீங்க பலகையத் தூக்கக் கூடாது. விதி இருக்கு.”

“குறிச்சுக்க,” என்றார்.

ஆறேமுக்காலுக்கு நன்றாக இருட்டிவிட்டது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பைகளில் வெறும் தாள் சரசரத்தது. சில வீடுகளில் பின்வாசல் வழியே நிஜ சாக்லேட் கிடைப்பதாகப் பேச்சு பரவியிருந்தது. ஒரு கிழவர் அதைக் கோட்டுக்குள் ஒளித்து வைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாராம். வெர்னா ஒவ்வொரு கூட்டமாக நிறுத்தி, டார்ச் அடித்து, தாண்ட வைத்தார். வருகிற கார்களெல்லாம் வளைவில் திரும்பியதும் வேகம் குறையாமல் வந்து கடைசி நேரத்தில் கிறீச்சிட்டன. ஓட்டுகிறவர்கள் எல்லோருடைய கண்ணும் மேலே இருந்தது.

ஐவி மார்னியோடு வந்தாள். அம்மா கையை விட்டுவிட்டு ஓடிவந்து வெர்னாவின் சுண்டு விரலைப் பிடித்தாள். இருவரும் கோட்டில் இறங்கினார்கள். வழக்கம்போல ஐவி கண்ணை மூடிக்கொண்டாள்.

நெடுஞ்சாலைப் பக்கத்திலிருந்து ஒரு பிக்அப் வண்டி வந்தது. அதன் வேகம் குறையவே இல்லை. நான் கத்தினேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. வெர்னா ஐவியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு காலை முன்னே வைத்து, பலகையை இரண்டு கையாலும் ஓங்கி வண்டியின் முகப்பில் அடித்தார். பலகை இரண்டாக உடைந்தது. வண்டி நின்றது. அதற்கும் அவருடைய முட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

ஓட்டி வந்தவர் கூரை வேலைக்காரர். கதவைத் திறந்து இறங்கி ஓடிவந்தார்.

“நான் பாக்கல மேடம். சத்தியமாப் பாக்கல. மேல அந்தாளு மூஞ்சி... இவ்ளோ பெரிசா... யாரு என்னன்னு பாத்துக்கிட்டே வந்துட்டேன்.”

தரையில் விழுந்து கிடந்த ஐவி எழுந்து உட்கார்ந்தாள். “வந்துட்டமா மிஸ்?” என்றாள். கண் இன்னும் மூடியிருந்தது.

வெர்னா பிக்அப்பின் மேலே கட்டியிருந்த நீள ஏணியைப் பார்த்தார்.

“அத எறக்குங்க,” என்றார் ஓட்டுநரிடம். “உங்ககிட்ட கத்தி இருக்கா?”

இருந்தது. ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார்கள். வெர்னா முதல் படியில் கால் வைத்து முட்டியை மடக்க முயன்றார். முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா கோபமா தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். ஏறு என்று சொல்லவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

பிரசுரக் கட்டைக் கீழே வைத்தேன். பதினேழு வருடத்தில் நாற்காலியை விட உயரமான எதிலும் நான் ஏறியதில்லை. ஏறினேன். விட்கோமின் காதுக்குப் பக்கத்தில் இருந்த கயிற்றை அறுத்தேன், பிறகு தாடைக்குப் பக்கத்தில் இருந்ததை. அந்த முகம் ஒரு பக்கமாகச் சரிந்து, சிரித்தபடியே பள்ளத்துக்குள் போயிற்று. வெளிச்சம் நேராக வெள்ளைக் கோடுகளின் மேல் விழுந்தது. ஒவ்வொரு கோடும் தெரிந்தது. மார்னியின் முகமும், ஐவியின் கழுத்தில் கோணலாகத் தொங்கிய ‘நரி’யும் தெரிந்தன.

அன்று எட்டு மணி வரை பிள்ளைகள் தாண்டினார்கள். கார்கள் தூரத்திலேயே நின்றன. ஒன்றும் கிறீச்சிடவில்லை.

நவம்பர் கூட்டத்தில் விட்கோம் அறிக்கை வாசித்தார். குழந்தைகளுக்கு ஏற்பட்ட காயம்: இல்லை. மிட்டாயால் வந்த நோய்: இல்லை. சேதம்: ஒன்று. பேனர்.

“வருத்தத்தோட சொல்றேன்,” என்றார். “நம்ம ஊர்ல இந்த ஹாலோவீன்ல தாக்கப்பட்டது ஒரே ஒருத்தர்தான். அது நான்.”

டாக்டர் எக்கிள்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் கடந்து பலகை தூக்கியதற்காக வெர்னாவுக்கு இரண்டு வாரம் பணி இடைநீக்கம். கயிற்றை அறுத்தது நான்தான் என்று எழுந்து சொன்னேன். விட்கோம் என்னைக் கனிவாகப் பார்த்தார்.

“ஆர்லோ, நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. குறிப்பு எழுதறவர் குறிப்புல வர முடியாது. உக்காருங்க.”

அடுத்து மின்சாரக் கம்பெனியின் கடிதம். திருவுருவம் அகற்றப்பட்டுவிட்டதால் விளக்குக்கான காரணம் இல்லாமல் போயிற்று; வெள்ளிக்கிழமை விளக்கு கழற்றப்படும். நான் அதை வாசித்து முடித்தேன். பின் வரிசையில் மார்னி ‘அட கடவுளே’ என்று தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

வெர்னா எழுந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் களைத்துப்போன, மரியாதையான குரலில் பேசினார்.

“சார், பேனர் வெச்சது தப்பு இல்ல. வெச்ச இடம்தான் தப்பு. துணின்னா யாராச்சும் அறுத்துடறாங்க, காத்துல கிழியுது. உங்க முகத்த ரோட்டு மேலயே வரைஞ்சுட்டா யாரு கிழிக்க முடியும்? கோட்டுக்கு நடுவுல, பெரிசா. விளக்கத் தரையப் பாத்துத் திருப்பினா நடுராத்திரியிலயும் நீங்க ஜொலிப்பீங்க.”

விட்கோமின் மனக்கண்ணில் அது விரிவது எங்களுக்குத் தெரிந்தது.

“கார் ஏறுமே?” என்றார் கடைசியில்.

“உங்க முகத்து மேல யாரு சார் வேகமா ஏத்துவாங்க?”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. படிவத்தை அங்கேயே நிரப்பினேன். கோடுகளைப் புதுப்பிக்கச் சொல்லி நாங்கள் அனுப்பிய மனு மாவட்டப் பொறியாளரின் மேசையில் நான்காவது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது; இதற்கு மூன்றே நாளில் அனுமதி வந்தது. முகத்துக்குச் சட்டம்போல இருக்கட்டும் என்று வெள்ளைக் கோடுகளையும் புதிதாகப் பூசினார்கள். விளக்குத் தலை கீழே திரும்பியது. அதே கம்பெனி ஆள்தான் வந்தார். தாளை இரண்டு முறை படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

வெர்னா வேலைக்குத் திரும்பிய காலை நான் அந்த வழியாக வேண்டுமென்றே போனேன். நவம்பர் காலை, ஏழரைக்கும் மங்கலாகத்தான் இருந்தது. வளைவு மட்டும் பளிச்சென்று இருந்தது. புதுப் பலகையோடு வெர்னா நின்றார். எதிரே ஒரு லாரி தூரத்திலேயே நின்றுவிட்டது.

ஐவி வந்து சுண்டு விரலைப் பிடித்தாள். கீழே பார்த்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

“மிஸ், இது யாரு?”

“நம்ம பாதுகாப்புக் குழுத் தலைவரு.”

“மிதிக்கலாமா?”

“பாத்துப் பாத்து, நல்லா அழுத்தி மிதிச்சுப் போ கண்ணு.”

ஐவி விரலை விட்டுவிட்டு ஒவ்வொரு பல்லாகக் கால்வைத்துத் தனியாக நடந்து போனாள். பின்னால் மற்றப் பிள்ளைகள் போனார்கள். கடைசியாக வெர்னா, முட்டி வலிக்க வலிக்க, அவசரமே இல்லாமல்.